சாய்ந்த டைனோசரை நிமிர்த்துகிறவர்

மனிதர்களில் எத்தனையோ ரகம். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசிப் பந்தி வரைக்கும் எழுந்திருக்காத ரகம் உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாங்கின பேப்பரை அவருக்கு முன்னால் படித்து முடித்துவிட்டு, "திருப்புங்க" என்று அதட்டுகிற ரகம் உண்டு. தனக்கு வந்த காய்ச்சலை, அது விட்டுப்போய் ஆறு மாதம் ஆன பிறகும், டிகிரி டிகிரியாகச் சொல்லி நமக்குக் காய்ச்சல் வரவழைக்கிற ரகமும் உண்டு. இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். இவர்களில் இரண்டு பேராவது உங்கள் சொந்தக்காரர்கள். ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போகிற ரகம் அப்படிச் சட்டென்று கண்ணில் படாது. நம்மைப் போலவே சட்டை போட்டு, நம்மைப் போலவே டீ குடித்து, நம்மைப் போலவே நடந்து போகும். எங்கேயாவது ஒரு பொருள் ஒரு நெல் அளவு சாய்ந்திருக்கட்டும், அப்போது தெரியும் அதன் குணம். கை துறுதுறுக்கும். பேச்சு பாதியில் நின்றுவிடும். அந்தப் பொருளை நேராக்கி வைத்தால்தான் மூச்சே சீராக வரும். இந்த ரகத்துக்கு நிமிர்த்துகிறவர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.

நிமிர்த்துகிறவர்களிலும் சின்னவர் பெரியவர் உண்டு. டீக்கடை பெஞ்சின் ஆடுகிற காலுக்கு சிகரெட் அட்டையை மடித்துச் செருகுகிறவர் ஆரம்பப் பள்ளிக்கூடம். யாரோ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளை, தனக்குச் சம்பந்தமே இல்லாமல், ஸ்டாண்டு எடுத்து நேராக நிறுத்திவிட்டுப் போகிறவர் உயர்நிலைப் பள்ளி. இதையெல்லாம் தாண்டி, மேலே ஏறப் படியே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர் அதியமான்கோட்டை பக்ருதீன். அவர் நிமிர்த்தியது டைனோசரை.

பயப்படாதீர்கள். பிளாஸ்டிக் டைனோசர்தான், ஒரு சாண் உயரம்.

பக்ருதீனுக்கு சேலம் பெங்களூர் ரோட்டின் மேலேயே லாரி பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. நான் சொல்வது எண்பத்தெட்டாம் வருஷம். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, யாரிடமும் சண்டை கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரைக்கும் லாரி ஓட்டுகிறவர்கள் அவர் சார்ஜ் போட்ட பேட்டரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். இப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் ஒரே ஒரு கிறுக்கைக் கொடுத்திருந்தான். கொடுத்ததைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருந்தான்.

ஆரம்பித்தது இப்படித்தான். பம்பாய்க் கம்பெனி ஒன்று எழுபதுகளின் கடைசியில் பன்னிரண்டு டைனோசர் பொம்மைகள் கொண்ட வரிசை ஒன்றை விற்றது. கெட்டிப் பிளாஸ்டிக், கனத்த உடம்பு. இரண்டு வருஷத்தில் அது நின்றுபோயிற்று. எண்பத்தைந்தில் அதே அச்சை எடுத்துத் தூசி தட்டி, மெல்லிசு பிளாஸ்டிக்கில், உள்ளே வெறும் கூடாக, பச்சையிலும் காவிக் கலரிலும் மறுபடியும் வெளியிட்டது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த ஃபேன்சி ஸ்டோரில் தங்கச்சி மகனுக்காக அதில் ஒன்றை வாங்கினார் பக்ருதீன். இரண்டு காலில் நிற்கிற, வாயைப் பிளந்துகொண்டிருக்கிற பச்சை டைனோசர். வீட்டுக்கு வந்து மேஜை மேல் வைத்தார். மூக்குக் குப்புற விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அது விழுந்தபோது பக்ருதீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கச்சி மகனுக்கு மீசை அரும்பிவிட்டது; பொம்மை இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டோடு நின்றிருந்தால் அவர் சாதாரண மனிதர். மறுவெளியீடு சேர்க்கிறவர்களின் மனசு அப்படி லேசில் நிறையாது. அச்சு ஒன்றுதான், வால் ஒன்றுதான், பல் ஒன்றுதான். ஆனால் வயிற்றுக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தால் அது கம்பெனி முதலில் வார்த்த லாட்டு, இரண்டு புள்ளி இருந்தால் இரண்டாம் லாட்டு. முதல் லாட்டுப் பச்சை பன்னிரண்டு, இரண்டாம் லாட்டுக் காவி பன்னிரண்டு, ஆக இருபத்துநாலு. "பாய், ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது?" என்று தெரியாமல் கேட்டுவிட்ட ஒரு லாரி டிரைவரை, அவருடைய பேட்டரியைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளே கூட்டிப்போய், இரண்டு டைனோசரையும் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைக் காட்டினார்.

"இதுல எத்தன புள்ளிங்க?"

"ஒண்ணு."

"இதுல?"

"ரெண்டுங்க."

"அப்பறம் எப்பிடிங்க ஒண்ணாவும்?"

டிரைவர் ஒத்துக்கொண்டார். பேட்டரி பாய் கையில் இருந்தது, சரக்கு சேலத்துக்குப் போக வேண்டும், வேறு என்ன செய்வார்?

நாலு கால் டைனோசர்களின் மேல் பக்ருதீனுக்குப் பெரிய மரியாதை இல்லை. நாலு காலில் யார்தான் நிற்க மாட்டார்கள்? அவர் உயிரை வாங்கியதெல்லாம் இரண்டு கால் ஆசாமிகள். தலை பெரிது, வால் சின்னது, உள்ளே காற்று. இது போதாதென்று சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் இளகிக் கணுக்கால் மடங்கும். அதற்கும் மேலே, வாசலில் நெடுஞ்சாலை. ஒவ்வொரு லாரி போகும்போதும் வீடே ஒரு தடவை உடம்பை உதறிக்கொள்ளும். கட்டிலில் படுத்திருக்கிற மனிதர்களே ஆடுகிற வீட்டில் டைனோசர் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார் அவர்.

அதற்கு அவர் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். முதலில் பிசிறு எடுப்பது. புது டைனோசரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் ஒரு அரிசி நீளத்துக்கு முள் மாதிரி எதுவோ நீட்டிக்கொண்டிருக்கும். "பம்பாய்க்காரன் வேல சுத்தமில்ல, அச்சுல வார்க்கறப்ப ஒழுவனத அப்பிடியே உட்டுட்டான்" என்று சொல்லிப் பிளேடால் அதை அடியோடு சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாதத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்குவார். பெட்டியைத் தூக்கிப் போடுவார். பெட்டியின் பிளாஸ்டிக் மூடியை மட்டும் அவர் மனைவி குல்ஷன் எடுத்துக் கழுவி, கிணற்றடியில் சோப்பு வைப்பதற்கு வைத்துக்கொண்டார். தண்ணீர் வடிவதற்கு வசதியாக அதில் இரண்டு ஓட்டையும் இருந்தது. பிறகு வெந்நீர் வைத்தியம்: கொதிக்கிற தண்ணீரில் காலை மட்டும் முக்கி, இளகினதும் வளைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு இறுக்குவது. பிறகு ஈய வைத்தியம்: செத்துப்போன லாரி பேட்டரியின் ஈயத்தை உருக்கி, மிளகு மிளகாக உருட்டி, டைனோசரின் வாலைத் துளைத்து உள்ளே போட்டு, மெழுகால் அடைப்பது. ஒரு மிளகு குறைந்தால் முன்னால் சாயும், ஒரு மிளகு கூடினால் வானத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்காரும். ஒரு டைனோசருக்குச் சில சமயம் மூன்று வாரம் பிடிக்கும்.

கிறுக்கு தனியாக இருந்தால் சீக்கிரம் தெளிந்துவிடும். துணை கிடைத்துவிட்டால் தெளியாது. பக்ருதீனுக்குக் கிடைத்த துணை குப்புராஜ். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விவசாயி. மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு, காலிக் கூடையில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் தன்னுடைய டைனோசர்களைப் படுக்கவைத்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டால், "உசுருங்க அது" என்பார். இரண்டு பேரும் உயிருக்கு உயிர். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. கடைசி நம்பிக்கையை ஈயத்தில் வைத்த பக்ருதீன் ஈயக் கட்சி, வெந்நீரோடு நிறுத்திக்கொண்ட குப்புராஜ் வெந்நீர்க் கட்சி.

"உள்ள ஈயத்த ஊத்தி நிக்க வெச்சா அது நிக்கறது ஆவுமா பாய்? கட்டிப்போட்ட மாரி தான?"

"நீங்க கால வளச்சு வெக்கறீங்களே குப்புராஜூ, நாலு நாளு வெய்யிலடிச்சா மறுக்கா வளஞ்சுக்கும். என்னுது நூறு வருசம் நிக்கும்."

"நூறு வருசம் கழிச்சு யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அது நிக்கும். பாக்கறதும் பாக்காததும் அவங்கவங்க இஷ்டம்."

இப்படியே பொழுது போகும். குல்ஷன் டீ கொண்டுவந்து வைப்பார், ஆறிப்போகும், மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வருவார், மறுபடி ஆறிப்போகும். மூன்றாவது தடவை அவரே குடித்துவிடுவார்.

குல்ஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவகாரத்தில் நியாயம் அவர் பக்கம்தான். இந்த டைனோசர்கள் குடியிருந்த கண்ணாடி ஷோகேஸ் அவருடையது. கல்யாணத்துக்கு அவரைப் பெற்ற அத்தா கிருஷ்ணகிரியில் தேக்கில் செய்யச் சொல்லிக் கொடுத்தது. மூன்று தட்டு. அதில் அவருடைய பூப்போட்ட கப்பும் சாசரும் இருந்தன. முதல் டைனோசர் வந்தபோது ஒரு கப்பு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. பன்னிரண்டாவது வந்தபோது கப்புகள் கீழ்த்தட்டுக்குப் போயின. இருபதாவது வந்தபோது பரண் மேல் தகரப் பெட்டிக்குள் போய்விட்டன. "வூட்டுக்கு வர்ற மனுசங்களுக்கு எவர்சில்வர் டம்ளரு, ஓணானுங்களுக்குக் கண்ணாடி அலமாரி" என்று குல்ஷன் சொல்வதை பக்ருதீன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். வாங்கிக்கொண்டார். அது ஓணான் இல்லை என்று திருத்தினார்.

இத்தனை வைத்தியத்துக்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு விழுந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்பெனிக்கே கடிதம் போடுவது என்று பக்ருதீனும் குப்புராஜும் முடிவெடுத்தார்கள். குல்ஷன் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், இங்கிலீஷில் எழுதியது அவர்தான். "உங்கள் டைனோசர்கள் நிற்பதில்லை, இது உங்கள் கம்பெனிக்கு அழகல்ல" என்று இவர்கள் சொல்லச் சொல்ல, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். நாற்பது நாள் கழித்து பம்பாயிலிருந்து பதில் வந்தது.

குல்ஷன் கவரைப் பிரித்து நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. என்ன துக்கச் செய்தியோ என்று பக்ருதீன் பதறிப்போனார்.

"என்னா எழுதியிருக்கான் குல்ஷன்?"

குல்ஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார். "ஒவ்வொரு பொம்மைக்கும் பாதத்துக்கு அடியில முளை குடுத்திருக்காங்களாம். பொட்டி மூடியில ரெண்டு ஓட்ட இருக்குதாம். முளைய ஓட்டையில சொருவுனா பொம்ம உழுவாதாம். தயவுசெஞ்சு முளைய வெட்ட வாணாம்னு எழுதியிருக்காங்க."

சொல்லிவிட்டு எழுந்துபோய், கிணற்றடியிலிருந்து ஒரு மூடியைக் கொண்டுவந்து, சோப்போடு சேர்த்து மேஜை மேல் வைத்தார்.

குப்புராஜ் கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சீவித்தான் இருந்தார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்று. நீங்களும் நானுமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்போம். நிமிர்த்துகிறவர் அப்படிச் செய்ய மாட்டார். பக்ருதீன் மூடியில் கோணலாக இருந்த சோப்பை நேராக்கி வைத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"மூடியில குத்தி வெக்கறதுக்குப் பேரு நிக்கறதா? அதுக்குப் பேரு நடறது. செடிய நடுவாங்க. டைனோசர நடுவாங்களா?"

"அதானே" என்றார் குப்புராஜ்.

"அப்ப உங்குளுது தானா நிக்குதா?" என்று கேட்டார் குல்ஷன். குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நிக்கும்."

"ஒரு நா பூராவும்?"

"நிக்கும்ங்கறன்."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். குல்ஷனுடைய தம்பி தாவூது ஓசூரில் ஃபேக்டரி வேலையில் இருந்தான். கலர் டீவி வாங்கியிருந்தான். பழைய கறுப்பு வெள்ளை டீவியை அக்காவுக்குத் தருகிறேன் என்று ரம்ஜானுக்கே சொல்லிவிட்டான். ஆனால் அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அது ஷோகேஸுக்குப் பின்னால் இருந்தது. டீவி வந்தால் ஷோகேஸின் நடுத்தட்டில்தான் உட்கார வேண்டும். இரண்டு மாதமாக குல்ஷன் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக பக்ருதீன் "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் டீவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்காக குல்ஷன் அரை மைல் நடந்து, தெரிந்தும் தெரியாத ஒரு வீட்டு வாசலில் செருப்பை விட்டு, கதவோரமாக நின்று பார்த்துவிட்டு வருவார். உட்காரச் சொல்ல மாட்டார்கள். அதை அவர் புருஷனிடம் சொன்னதில்லை.

அதனால் பந்தயம் வைத்தது குல்ஷன்தான். "வர்ற ஞாயித்துக்கெழம தாவூது டீவியோட வரட்டும். அன்னைக்கு காலையில டீ குடிச்சதுலர்ந்து சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்ற வரைக்கும். இருவத்துநாலும் நிக்கணும், யாரும் தொடக்கூடாது. நின்னுதுன்னா டீவிய தாவூதே திருப்பி எடுத்துக்கிட்டுப் போவட்டும், நான் வாயத் தொறக்க மாட்டன். ஒண்ணே ஒண்ணு உழுந்தாலும் ஷோகேஸு என்னுது. ஓணானெல்லாம் தகரப் பொட்டிக்கு."

தகரப் பெட்டிக்குள் எப்படி வைப்பார்கள்? படுக்கவைத்துத்தான் வைப்பார்கள். மூன்று வருஷம் பாடுபட்டு நிமிர்த்திய ஆசாமிகளை அடுக்கடுக்காகப் படுக்கவைத்து மூடியைச் சாத்துவதை நினைத்தபோது பக்ருதீன் ஒரு தடவை பரணை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். ஆனாலும் சொன்ன வார்த்தை சொன்னதுதான். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சார்ஜுக்கு வந்த பேட்டரிகளை மறந்துபோய், கூட ஒரு நாள் சார்ஜிலேயே விட்டுவிட்டார். ஒவ்வொரு வாலையும் திறந்து ஒரு மிளகு போட்டு, அரை மிளகு எடுத்து, மூடி, மறுபடி திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு குப்புராஜ் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சாட்சி. ஷோகேஸின் மூன்று தட்டிலும் தட்டுக்கு எட்டாக இருபத்துநாலு பேர் வரிசையாக நின்றார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று குல்ஷன் சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் சாய்ந்ததைக் கண்ணாடி தாங்கிக்கொள்ளுமாம். பக்ருதீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெந்நீர்க் கட்சி அன்றைக்கு ஈயக் கட்சிக்காக மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

எட்டரைக்கு சிமென்ட் லாரி ஒன்று போயிற்று. மூன்று தட்டும் கிடுகிடுத்தன. நின்றார்கள். கரும்பு ஏற்றின டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாலு போயின. நடுத்தட்டில் மூன்றாவதாக நின்ற பச்சை டைனோசர், முதன்முதலில் வாங்கின அந்த வாய்பிளந்தான், முன்னும் பின்னும் இரண்டு தடவை தலையாட்டிவிட்டு நின்றது. பதினோரு மணிக்கு தாவூது டீவியோடு வந்தான். அதைக் கட்டில் மேல் இறக்கிவிட்டு, ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தான். முதல் அடியிலேயே குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி ஓடினார்.

"தம்பி, மெதுவாங்க! கீழ ஆளுங்க நிக்கறாங்க!"

"யாருங்க?"

குப்புராஜ் "வந்து பாருங்க" என்றார். தாவூது வந்து பார்த்தான். மச்சானைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். ஆன்டெனாவை ஒரு கயிற்றால் கட்டினால் போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மேலே போனான்.

மத்தியானம் இரண்டு மணி வெயிலில் அறை கொதித்தது. கணுக்கால்கள் இளகுகிற நேரம். பக்ருதீனுடைய நெற்றியில் வேர்வை சொட்டியது. அப்போது குல்ஷன் ஒரு பழைய புடவையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் விரித்துக் கட்டினார். பக்ருதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வெக்கையா இருக்குது. அதுக்குத்தான் போட்டன்" என்றார் குல்ஷன்.

நாலு மணிக்குப் பின்வீட்டு முனியம்மாள் உரலில் மாவு இடிக்க ஆரம்பித்தபோது, குல்ஷன் எழுந்துபோய் ஏதோ சொல்லி நிறுத்திவிட்டு வந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. காலையிலிருந்து ஒரு பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால், அது விழக்கூடாது என்று மனசு தானாக ஆசைப்பட ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது. ஐந்தரைக்கு, டீவி வந்து இறங்கியதைப் பார்த்திருந்த தெருப் பெண்கள் பாயும் பிள்ளையுமாக வாசலில் வந்து கூடினார்கள். டீவி கட்டில் மேல் இருட்டாக உட்கார்ந்திருந்தது. படம் ஆரம்பித்துவிட்டிருக்கும். குல்ஷன் வாசலுக்கும் ஷோகேஸுக்கும் நடந்தார். ஆறே காலுக்கு, பாங்கு சொல்ல இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது, அவர் வாசலுக்குப் போய்ச் சொன்னார்: "இன்னைக்கு டீவி இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." திரும்பி வந்து, "தாவூது, அத மூட்ட கட்டு. உன் மச்சான் ஜெயிச்சுட்டாரு" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அழுகை இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குப்புராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறரை ஆகப்போகும்போது பள்ளிவாசலில் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. தட், தட். இன்னும் அரை நிமிஷம்.

அப்போதுதான் பக்ருதீன் நாற்காலியிலிருந்து எழுந்தார். நடுத்தட்டுக்கு முன்னால் போய் நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"என்னாங்க?" என்றார் குல்ஷன்.

"மூணாவது... எடப்பக்கமா செத்த சாஞ்சாப்ல இருக்குது."

"சாயட்டும். நிக்குதில்ல?"

"நிக்குது. ஆனா செரியா நிக்கல."

"தொடாதீங்க!" என்று குல்ஷனும் குப்புராஜும் ஒரே குரலில் கத்தினார்கள். இதில் குல்ஷன் கத்தியதைக் கவனியுங்கள். தொட்டு விழுந்தால் ஷோகேஸ் அவருக்கு, டீவி அவருக்கு, வாசலில் காத்திருந்தவர்கள் முன்னால் கௌரவமும் அவருக்கு.

"ஒரே ஒரு தடவ" என்றார் பக்ருதீன். ஆள்காட்டி விரலை நீட்டி, நகத்தின் நுனியால், பூவைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

வாய்பிளந்தான் நேரானது. ஒரு கணம் அதைவிட நேராக உலகத்தில் எதுவும் நின்றிருக்காது. அப்புறம் அது வலது பக்கம் சாய்ந்து நாலாவதின் மேல் விழுந்தது. நாலாவது ஐந்தாவதின் மேல், ஐந்தாவது ஆறாவதின் மேல், உள்ளே ஈயம் கலகலக்க, கடைசி வரைக்கும் போயிற்று. எட்டாவது டைனோசர் தட்டின் விளிம்பில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தரையில் விழுந்தது. பாங்கு ஆரம்பித்தது.

சந்தோஷப்பட வேண்டிய குல்ஷன்தான் முதலில் வெடித்தார். "நின்னுக்கிட்டுதான இருந்துச்சு! காலையிலர்ந்து நின்னுக்கிட்டுதான இருந்துச்சு! உங்குள யாரு தொடச் சொன்னது?"

"சாஞ்சிருந்துச்சு குல்ஷன்."

"எவ்வளவு சாஞ்சிருந்துச்சு? காட்டுங்க, எவ்வளவு?"

பக்ருதீன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. குப்புராஜ் வெளியே போய்விட்டார், கண் கலங்கியதைக் காட்டக்கூடாது என்று.

தொழுதுவிட்டு வந்த பக்ருதீன் தானே ஷோகேஸை ஒழித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் துடைத்து, குப்புராஜின் கூடையிலிருந்த வைக்கோலைத் தகரப் பெட்டியில் பரப்பி, படுக்கவைத்தார். மனிதருக்கு அன்றைக்கு உண்மையாகவே மனசு ஒடிந்துபோயிற்று. அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்றால் அது பாவம். பூப்போட்ட கப்புகள் பரணிலிருந்து இறங்கின. மேல்தட்டுப் பலகையைக் கழற்றிவிட, டீவி நடுத்தட்டில் ஏறியது. தாவூது மேலேயிருந்து "தெரியுதா, தெரியுதா" என்று கத்தி, கீழேயிருந்து எல்லாரும் "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்தி, ஒருவழியாகப் பாதிப் படம் வந்தது. கலைந்துபோன பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வருகிறவர்களையெல்லாம் குல்ஷன், "உள்ள வாங்க, உக்காருங்க" என்று பாய் போட்டு உட்கார வைத்தார். பக்ருதீன் கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குல்ஷன் அவரைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து போனார். தகரப் பெட்டியைத் திறந்து வாய்பிளந்தானை எடுத்துவந்து, டீவிக்கு மேல் ஒரு கைக்குட்டையை விரித்து, அதன் மேல் நிறுத்தினார். "டீவி மேல எதாச்சும் ஒரு பொம்ம இருந்தாத்தான் லட்சணம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அது நின்றது.

படத்தில் கதாநாயகியின் கல்யாணம் நிற்கப்போகிற கட்டம். பெண்களெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து குல்ஷன் எழுந்து, டீவியை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றார். "மறைக்குதுங்க, மறைக்குது!" என்று பின்னாலிருந்து குரல் எழும்பியது. அவர் காதில் விழவில்லை. டைனோசரை ஒரு நூல் அளவு திருப்பினார். பார்த்தார். இன்னும் ஒரு நூல் திருப்பினார்.

"ஏங்க, இப்ப செரியா இருக்குதுங்களா?"

சுவரோரத்தில் பக்ருதீன் தலையைத் தூக்கினார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

"செத்த எடப்பக்கம்" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. குல்ஷனும் மூன்று வருஷம் சிரித்தவர்தான். இது காற்றில் பரவுமா, தண்ணீரில் பரவுமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை; பார்த்துக்கொண்டே இருந்தால் பரவும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்தப் பயமெல்லாம் வேண்டாம், உங்களிடம் டைனோசரே இல்லை. ஆனால் இந்தப் பத்தியைப் படிக்க ஆரம்பித்த பிறகு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தீர்களே, அது எதற்கு? உட்காருங்கள். அது நேராகத்தான் இருக்கிறது.